உயிலில் எந்தப் பெயர்கள்? பயனாளிகளையும் நிறைவேற்றாளரையும் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பாவின் உயிலுக்கு நான்தான் நிறைவேற்றாளர், அதாவது உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்து ஒப்படைக்கும் ஆள். ஒரு வீடு, ஒன்றரை ஏக்கர் நஞ்சை, மூன்று வங்கிக் கணக்கு, ஒரு லாக்கர், இவ்வளவுதான் சொத்து. முடித்துக் கொடுக்க இரண்டரை வருடம் ஆனது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று உயில் எழுத நினைக்கிற பலரோடு உட்கார்ந்திருக்கிறேன். வாசகத்தில் தடுக்கி விழுந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. அதை வக்கீலோ ஆவண எழுத்தரோ பார்த்துக்கொள்கிறார். பெயர்களில்தான் விழுகிறார்கள். யாருக்கு, யார் மூலமாக, அவர் இல்லாமல் போனால் யாருக்கு என்ற மூன்றுக்கும் விடை இல்லாமலே எழுத்தர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களை மனதில் வைத்து, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. கிறிஸ்தவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். முஸ்லிம்களுக்கு விதி வேறு. கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அவர்கள் தங்கள் சட்டம் அறிந்த வக்கீலைக் கேட்டே தொடங்கட்டும்.

1. பேனா எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோப்பு போடுங்கள். மூலப்பத்திரம், பட்டா, அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வங்கிப் பாஸ்புத்தகங்கள், இன்சூரன்ஸ் பாலிசிகள், டீமேட் கணக்கு விவரம், லாக்கர் எண், நகைகளின் பவுன் கணக்கு. இவற்றோடு நீங்கள் கொடுக்க வேண்டிய கடன், உங்களுக்கு வரவேண்டிய கடன் இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

கடனை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறைவேற்றாளர் முதலில் ஈமச்செலவைத் தீர்க்க வேண்டும், பிறகு கோர்ட் செலவு, பிறகு கடன்கள். அதற்குப் பிறகுதான் பயனாளிகளின் முறை. வீட்டின் மேல் 12 லட்சம் கடன் நிற்கும்போது ‘வீடு மகளுக்கு’ என்று மட்டும் எழுதினால், அந்தக் கடனும் மகளோடு போகிறதா, வேறு பணத்திலிருந்து தீர்ப்பதா என்பதில் அண்ணன் தங்கைக்குள் முதல் சண்டை வரும்.

பயனாளியாகவோ நிறைவேற்றாளராகவோ வரக்கூடிய எல்லோருடைய ஆதார் நகலையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஏன் என்பது 3ஆம் படியில் தெரியும்.

2. எழுதும் உரிமை எதில் இருக்கிறது என்று பிரியுங்கள்

சுயமாகச் சம்பாதித்து வாங்கியதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். மகள்களுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. ‘பூர்வீக வீடு முழுவதும் என் மகனுக்கு’ என்று எழுதும் உயில், மகளின் பங்கு அளவுக்குச் செல்லாது.

கூட்டாக வாங்கிய வீட்டிலும் இதே கதை. மனைவி பெயரும் பத்திரத்தில் இருந்தால் உங்கள் பாதியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். மனைவியின் பாதிக்கு அவர் தனியாக உயில் எழுத வேண்டும். கணவர் உயில் எழுதிவிட்டதால் தன் பங்கும் அதில் அடங்கிவிட்டது என்று நம்பியிருக்கும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

3. பயனாளியை ஐயமில்லாமல் அடையாளம் காட்டுங்கள்

நம் ஊரில் பெயர் ஒன்றாக நிற்பதில்லை. வீட்டில் பாப்பா, பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டல். கல்யாணம் ஆன மகளுக்கு இனிஷியல் மாறியிருக்கும். பாஸ்போர்ட் எடுத்த பேரனுக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராக ஒட்டியிருக்கும். உயிலோடு வங்கிக்குப் போகும்போது, ‘உயிலில் இருப்பவர் நீங்கள்தானா’ என்பதே முதல் கேள்வியாக வரும்.

ஆகவே ஒவ்வொரு பயனாளிக்கும் ஆதாரில் உள்ளபடி முழுப்பெயர், வேறு பெயர் இருந்தால் ‘என்கிற’ என்று சேர்த்து அந்தப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி, உங்களுக்கு என்ன உறவு என்ற எல்லாவற்றையும் எழுதுங்கள்.

‘என் பேரப்பிள்ளைகளுக்கு’ என்று கூட்டமாக எழுதாதீர்கள். இன்று மூன்று பேர் இருக்கலாம், நீங்கள் காலமாகும்போது ஐந்து பேர் இருக்கலாம். ஐவருக்குமா, மூவருக்கா? இருக்கிறவர்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பின்னால் பிறக்கப் போகிறவர்களையும் சேர்க்க ஆசைப்பட்டால் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது வக்கீலிடம் கொடுத்து எழுதுங்கள். உயில் எழுதியவர் இறக்கும்போது இன்னும் பிறக்காதவருக்குச் சொத்து எழுதுவதற்குச் சட்டத்தில் இறுக்கமான கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

கோயில், பள்ளி, முதியோர் இல்லம் போன்றவற்றுக்கு எழுதினால் பதிவு ஆவணத்தில் உள்ள பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஊரார் சொல்லும் பெயரில் அமைப்பே இருக்காது.

4. எந்தச் சொத்து யாருக்கு

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பெரும்பாலானவர்கள் கால் மணி நேரத்தில் முடிப்பதும் இதைத்தான்.

‘எல்லாச் சொத்தும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக’ என்பது நியாயமாகத் தெரியும். ஒரே ஒரு வீடு இருக்கும் குடும்பத்தில் அது மூன்று பேரையும் ஒரு கயிற்றில் கட்டிவிடுகிறது. விற்க மூவர் கையெழுத்து வேண்டும். ஒருவர் குடியிருப்பார், ஒருவர் வாடகையில் பங்கு கேட்பார், ஒருவர் வெளிநாட்டில் இருந்து பவர் அனுப்ப ஆறு மாதம் எடுப்பார். முடிந்தால் வீட்டை ஒருவருக்கு முழுமையாகக் கொடுத்து, மற்றவர்களுக்கு வைப்புத்தொகையிலும் நகையிலும் ஈடுகட்டுங்கள். ஈடுகட்ட வழியில்லை என்றால், ‘நிறைவேற்றாளர் வீட்டை விற்று, தொகையை மூன்று சமபாகமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், முதலில் வாங்கும் வாய்ப்பு பிள்ளைகளில் விரும்புகிறவருக்கு’ என்று எழுதுங்கள்.

மாடி ஒருவருக்கு, கீழ்வீடு ஒருவருக்கு என்று பிரிப்பது நம்மிடம் சர்வசாதாரணம். அப்படிப் பிரித்தால் கூடவே எழுத வேண்டியவை: மாடிப்படியில் யாருக்கு வழியுரிமை, மொட்டைமாடி யாருடையது, போர்வெல்லும் மோட்டாரும் பொதுவா, மனையின் பிரிபடாத பாகம் யாருக்கு எத்தனை சதுர அடி, மேலே இன்னொரு மாடி எழுப்பும் உரிமை யாருக்கு. இவற்றை விட்டுவிட்ட ஓர் உயிலில் இரு சகோதரர்கள் தண்ணீர்த் தொட்டிக்காக எட்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டைப் பற்றி அவர்களுக்குள் சண்டையே இல்லை.

மனைவிக்கு எழுதும்போது ஒரு முடிவுக்கு வாருங்கள். அவருக்கு முழு உரிமையா, ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டுமா? பழைய பத்திர நடையில் ‘சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்து’ என்று ஒரு வரியும், ‘அவர் காலத்துக்குப் பின் என் மகன்களுக்கு’ என்று அடுத்த வரியும் பழக்கத்தில் வந்து விழுந்துவிடும். முதல் வரி முழு உரிமை தருகிறது, இரண்டாவது அதைப் பறிக்கிறது. இந்த முரணிலிருந்து பிறந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், வயதான காலத்தில் வீட்டை விற்றாவது மருத்துவம் பார்த்துக்கொள்ளும் வசதி மனைவிக்கு இருக்க வேண்டும். முழு உரிமையாகவே எழுதுங்கள்.

குறிப்பிட்ட பொருளைக் குறிப்பிட்டவருக்கு எழுதும்போது ஓர் ஆபத்து உண்டு. ‘தாம்பரம் பிளாட் மகளுக்கு’ என்று எழுதிவிட்டு, பிறகு அதை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டால், அந்தப் பணம் தானாக மகளுக்குப் போகாது. எழுதிக் கொடுத்த பொருள் இல்லாமல் போனதால் அந்தக் கொடையும் இல்லாமல் போகும். ‘அதை நான் விற்றிருந்தால், விற்ற தொகைக்கு ஈடான பணம்’ என்று சேர்த்தால் மகள் கைவிடப்பட மாட்டாள்.

5. ஒவ்வொரு பெயருக்கும் கேளுங்கள்: அவர் எனக்கு முன் போய்விட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்கவே மனம் வராது. பிள்ளை முந்திப் போவதைத் தாளில் எழுதுவதா என்று ஓர் அம்மா என் முன்னாலேயே அழுதுவிட்டார். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் விடை எழுதாவிட்டால் சட்டம் தன் விடையை எழுதிவிடும்.

சட்டத்தின் விடை இது. தங்கைக்கு இரண்டு லட்சம் எழுதியிருக்கிறீர்கள், தங்கை உங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அந்தக் கொடை விழுந்துவிடும். தங்கை பிள்ளைகளுக்குப் போகாது. எஞ்சிய சொத்தோடு அது சேர்ந்துவிடும்.

சொந்த மகனுக்கோ மகளுக்கோ எழுதியிருந்தால் வேறு விதி. அவர் முன்னால் இறந்தும் அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் கொடை விழாது. உங்களுக்கு அடுத்த கணமே அவர் இறந்ததுபோல் சட்டம் எடுத்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சேரும் சொத்து மகளுடைய வாரிசுகளுக்குப் போகும், அதாவது பேரக்குழந்தைகளோடு மாப்பிள்ளைக்கும் பங்கு. உங்கள் விருப்பமும் அதுவே என்றால் சரி. பேரக்குழந்தைகளுக்கு மட்டும் என்றால் அதைச் சொல்லித்தான் எழுத வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கொடையின் கீழும் ஒரு வரி: ‘அவர் எனக்கு முன் காலமாகிவிட்டால் இன்னாருக்கு.’ உயிலின் கடைசியில் எஞ்சிய சொத்துக்கு ஒரு பத்தி: ‘மேலே குறிப்பிடாததும், இனி எனக்குச் சேரக்கூடியதுமான எல்லாச் சொத்தும் என் மனைவி இன்னாருக்கு; அவர் எனக்கு முன் காலமாகிவிட்டால் என் இரு பிள்ளைகளுக்கும் சரிபாதியாக.’ இந்தப் பத்தி இல்லாத உயிலில் விடுபட்ட வங்கிக் கணக்கு ஒன்று கிடைத்தால் போதும், உயிலே எழுதாதவர் சொத்துபோல அந்தக் கணக்குக்கு எல்லா வாரிசுகளும் வரிசையில் நிற்பார்கள்.

6. மைனரும், தனியாக வாழ இயலாதவரும்

18 வயது ஆகாத பேத்திக்கு நிலமோ வீடோ எழுதினால், காப்பாளராக இருப்பவர் கோர்ட் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. அது நல்ல பாதுகாப்புத்தான். படிப்புக்கு உடனே பணம் வேண்டிவரும் என்றால் நிலத்தை விட வைப்புத்தொகை வசதி. அவள் பங்கை 18 அல்லது 21 வயது வரை யார் வைத்திருப்பது, எந்தச் செலவுக்கு எடுக்கலாம், எந்த வயதில் ஒப்படைப்பது என்பதைச் சொல்லுங்கள். பணத்தை வைத்திருப்பவரும் குழந்தையை வளர்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் கணக்கு நேராக இருக்கும்.

அப்பா உயிலில் வேறொருவரைக் காப்பாளராகப் போட்டாலும், அம்மா உயிரோடு இருந்தால் அந்த நியமனம் அப்போது நடக்காது. இது தெரியாமல் மருமகளை ஒதுக்க நினைத்து எழுதும் மாமனார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால், 18 வயதுக்குப் பிறகும் சட்டப்படியான காப்பாளர் தேவைப்படலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழு அவரை நியமிக்கிறது. மாவட்ட ஆட்சியர் அதில் உறுப்பினர். உங்கள் உயிருள்ள காலத்திலேயே அந்த வேலையை முடியுங்கள். சொத்தைப் பிள்ளை பெயரில் நேராக எழுதாமல் அவர் நலனுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதுவது நல்லது. இதற்கு வக்கீல் செலவைப் பார்க்காதீர்கள்.

7. யாருக்காவது ஒன்றும் கொடுக்கவில்லை என்றால்

சுயசம்பாத்தியத்தில் ஒரு பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் விட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பெயரையே சொல்லாமல் விட்டால், ‘அப்பாவுக்கு நினைவு தவறியபோது எழுதி வாங்கிவிட்டார்கள்’ என்று வாதிட வழி கிடைத்துவிடும். இயல்பான வாரிசைக் காரணமின்றி ஒதுக்குவதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகளில் ஒன்றாக நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

எனவே பெயரைச் சொல்லி, காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘என் மூத்த மகன் இன்னாருக்கு 2014இல் வீடு வாங்க நான் பணம் கொடுத்துவிட்டதால் இந்த உயிலில் பங்கு ஒதுக்கவில்லை.’ கோபத்தைக் கொட்டாதீர்கள். அந்த வரியை அவர் பிள்ளைகளும் படிப்பார்கள்.

8. இப்போது நிறைவேற்றாளர்

நிறைவேற்றாளரை ஏன் இவ்வளவு பின்னால் வைத்தேன் என்றால், அவருக்கு என்ன வேலை என்பது இப்போதுதான் உங்களுக்கே தெரியும். வீட்டை விற்க வேண்டுமா, மைனர் பணத்தைப் பத்து வருடம் பார்க்க வேண்டுமா, அல்லது ஒரே ஒரு பட்டா மாறுதல் மட்டுமா? வேலையைப் பார்த்து ஆளைத் தேடுங்கள்.

எக்ஸிகியூட்டர் என்றே எழுத்தர்கள் சொல்லும் இவர், நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் நின்று சொத்தைத் திரட்டி, கடனைத் தீர்த்து, பங்கை ஒப்படைப்பவர். இறப்புச் சான்றிதழில் தொடங்கி வங்கி, தாலுகா அலுவலகம், மின்வாரியம், மாநகராட்சி என்று நடக்க வேண்டும். கோர்ட்டில் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்கினால், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும்.

நான் பார்க்கும் தகுதிகள், முக்கியத்துவ வரிசையிலேயே:

முதலாவது, வயது. உங்களைவிடக் குறைந்தது பத்து வயது இளையவர். 78 வயதுக்காரர் 80 வயது மைத்துனரை மரியாதைக்காகப் போடுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. மரியாதையை வேறு விதத்தில் செலுத்துங்கள்.

இரண்டாவது, அருகில் இருப்பவர். சொத்து கும்பகோணத்தில், நிறைவேற்றாளர் டல்லாஸில் என்றால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் தூதரகம், கூரியர், பவர் பத்திரம் என்று இழுக்கும். வெளிநாட்டுப் பிள்ளை பயனாளியாக இருப்பதில் தடையே இல்லை. நிறைவேற்றும் வேலைக்கு உள்ளூரில் இருப்பவர் தேவை.

மூன்றாவது, கணக்கு வைக்கும் பழக்கம். கோயில் திருவிழாவுக்கோ அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்கோ பொருளாளராக இருந்து, கேட்காமலே கணக்கு காட்டியவர் யார் என்று யோசியுங்கள்.

நான்காவது, எல்லாப் பிள்ளைகளும் அவரிடம் பேசுவார்கள் என்பது. அன்பு இருக்க வேண்டியதில்லை, பேச்சு இருந்தால் போதும்.

பயனாளியே நிறைவேற்றாளராக இருக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. எல்லாம் மனைவிக்கே என்றால் மனைவியே நிறைவேற்றாளர், அவருக்கு அடுத்து மகள் என்பது எளிய, நல்ல ஏற்பாடு. மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது ஒரு பிள்ளையை மட்டும் போடுவது சங்கடம். மற்ற இருவரும் முதல் நாளிலிருந்தே கணக்கு கேட்பார்கள். வெளியாள் ஒருவரையும் சேர்த்துப் போட்டால் சூடு தணியும்.

தவிர்க்க வேண்டியவர்கள்: உங்களிடம் பெரிய தொகை கடன் வாங்கியிருப்பவர், சொத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர், விற்கப்பட வேண்டிய வீட்டில் குடியிருப்பவர். அவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களையே இரண்டு பக்கமும் நிறுத்திவிடுகிறோம், அது அவர்களுக்கும் அநியாயம்.

நிறைவேற்றாளரே போடாமல் எழுதிய உயிலும் செல்லும். எஞ்சிய சொத்துக்கு உரிய பயனாளி நீதிமன்றத்தில் நிர்வாக உரிமைச் சான்று கேட்கலாம். ஒரே வீடு, ஒரே வாரிசு என்றால் இதுவும் போதும். இரண்டு பேருக்கு மேல் பங்கு என்றாலே நிறைவேற்றாளர் வேண்டும் என்பது என் அனுபவம்.

9. சம்மதம், மாற்று ஆள், அதிகாரம்

பெயர் முடிவானதும் அவரை வீட்டுக்கு அழைத்து, 1ஆம் படியில் போட்ட கோப்பைக் காட்டுங்கள். ‘இதைச் செய்துதருவாயா?’ என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். சம்மதிக்காதவர் பின்னால் நீதிபதி முன்னிலையிலோ எழுத்துமூலமாகவோ விலகிக்கொள்ளலாம். அப்போது உங்களால் வேறு ஆளைக் காட்ட முடியாது.

முதல் நிறைவேற்றாளர் இறந்தாலோ, விலகினாலோ, இயலாமல் போனாலோ அடுத்தவர் யார் என்று இரண்டாம் பெயர் எழுதுங்கள். என் பெரியப்பா இதைச் செய்திருந்தார். இரண்டாவது பெயர்தான் நான். முதல் பெயர் அவருடைய நண்பர், பெரியப்பாவுக்கு நான்கு மாதம் முன்னால் காலமாகிவிட்டார்.

இரண்டு பேரைச் சேர்த்து நியமித்தால், இருவரும் சேர்ந்தே செயல்பட வேண்டுமா, தனித்தும் செயல்படலாமா என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், புரொபேட் பெற்ற எவரும் தனித்துச் செயல்படலாம் என்பதே சட்டம். சிறு கையெழுத்து விஷயங்களுக்குத் தனித்து, வீடு நிலம் விற்பதற்குச் சேர்ந்து என்று பிரித்து எழுதலாம்.

செலவு சொத்திலிருந்தே எடுக்கலாம் என்று எழுதுங்கள். உழைப்புக்காக ஒரு தொகை கொடுக்க விரும்பினால் அதையும் எழுதுங்கள். நிறைவேற்றாளருக்கு உயிலில் ஒரு தொகை எழுதியிருந்து, அவர் அந்த வேலையை ஏற்காவிட்டால் தொகையும் கிடைக்காது. வேலை செய்யாவிட்டாலும் நட்புக்காக அவருக்குச் சேர வேண்டும் என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பங்கை உடனே கேட்டு நெருக்கும் பயனாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை: நீங்கள் இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியும்வரை ஒப்படைக்கும்படி நிறைவேற்றாளரைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

10. சாட்சிகளைத் தனியாகத் தேடுங்கள்

குறைந்தது இரண்டு சாட்சிகள். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது உங்கள் கையெழுத்துத்தான் என்று நீங்கள் அவர்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு உங்கள் கண் முன்னால் அவர்கள் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கத் தேவையில்லை.

பயனாளியைச் சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவர் எழுதிய உயிலில் சாட்சிக்கோ, சாட்சியின் கணவர் மனைவிக்கோ கொடுத்த கொடை செல்லாமல் போகும். இந்துக்கள் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், லாபம் அடைகிறவரே சாட்சி என்றால் கோர்ட் கூர்ந்து பார்க்கும். நிறைவேற்றாளர் சாட்சியாக இருக்கத் தடையில்லை.

வழக்கு வந்தால் உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே உயிலை நிரூபிக்க வேண்டும். அதனால் சாட்சிகளும் உங்களைவிட இளையவர்களாக, நிலையான முகவரி உள்ளவர்களாக இருக்கட்டும். பதிவு அலுவலக வாசலில் நிற்பவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதை விடுங்கள். இருபது வருடம் கழித்து அவரை எங்கே தேடுவது? 75 வயதுக்கு மேலானவர்கள், உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை ஒரு சாட்சியாகக் கேட்டுப் பாருங்கள்.

11. நாமினிப் பெயர்களை உயிலோடு ஒத்துப்பாருங்கள்

வங்கி நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவே. உரிமை உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ போகும். பங்குகளின் நாமினிக்கும் இதுவே என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே பணத்தில் உரிமை தரும் ஏற்பாடு வந்திருக்கிறது.

நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்றால் பணம் ஒருவர் கையிலும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், சதவீதமும் குறிக்கலாம். உயிலில் உள்ள பங்கையே அங்கும் குறித்துவிடுங்கள்.

12. கையெழுத்து, பதிவு, வைக்கும் இடம்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள், அடித்தல் திருத்தல் வேண்டாம்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடச் சொல்வேன். அசல் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நீங்கள் இருக்கும்வரை அந்த நகலை வேறு யாரும் வாங்க முடியாது. பதிந்துவிட்டால் யாரும் எதிர்க்க முடியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு சாட்சிகளிடம் இருக்கிறது. பயனடையும் பிள்ளை உங்களைக் காரில் அழைத்துப்போய், எழுத்தரிடம் அவரே பேசி, கூடவே நின்று பதிவதும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். அன்று மட்டும் நண்பரோடு போங்கள்.

சென்னை எல்லைக்குள் உள்ள சொத்துக்கு இந்துக்களின் உயில் புரொபேட் இல்லாமல் செல்லாது என்று பலர் இன்னும் சொல்வார்கள். அதற்கு ஆதாரமான 213ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது. தகராறு எழுந்தால் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும், ஆகவே நிறைவேற்றாளரை அதற்கும் தயாரானவராகவே தேர்ந்தெடுங்கள்.

அசலை வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்க உயில் வேண்டும், உயிலை எடுக்க லாக்கர் திறக்க வேண்டும் என்று எனக்கு மூன்று மாதம் போயிற்று. வீட்டு பீரோவில், நிறைவேற்றாளருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். அல்லது மூடி முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம்.

13. எப்போது மீண்டும் எடுத்துப் பார்ப்பது

குடும்பத்தில் ஒரு கல்யாணம், பிறப்பு, இறப்பு, விவாகரத்து நடந்தால். சொத்து வாங்கினால், விற்றால். நிறைவேற்றாளர் ஊர் மாறினால் அல்லது நோயில் விழுந்தால். கிறிஸ்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும்.

ஒரு பெயரை மட்டும் மாற்றுவதென்றால் இணைப்பு உயில் எழுதலாம். அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும். பழைய உயிலில் பேனாவால் அடித்து மேலே எழுதினால் செல்லாது. மூன்றாவது மாற்றம் வந்துவிட்டால் புது உயிலே எழுதி, ‘இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்’ என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பிறகு பழைய உயிலின் நகல் வைத்திருக்கும் எல்லோரிடமிருந்தும் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள், குறிப்பாக அதில் அதிகப் பங்கு எழுதப்பட்டிருந்தவரிடமிருந்து.